கட்சியும் சாட்சியும்

1980-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் நாள் கல்கத்தாவின் ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் இடையே லீக் கால்பந்து ஆட்டம் நடைபெற்றது. அதைக் காணச் சென்றவர்களுள் 16 பேர் வீடு திரும்பவில்லை. அவர்கள் போர்க்களம் புகுந்தவர்களல்லர்; நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு பந்தாட்டம் பார்க்கப் போனவர்கள்.

நடந்தது இதுதான். ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் மோகன் பகானின் பிதேஷ் போஸும் ஈஸ்ட் பெங்காலின் திலீப் பாலித்தும் மோதிக்கொண்டனர். நடுவர் இருவரையும் வெளியேற்றினார். களத்தில் அத்துடன் முடிந்த சண்டை கேலரியில் தொடங்கிற்று. இரு கட்சியினரையும் பிரித்து அமர்த்தும் ஏற்பாடு அன்று இல்லை; எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தனர். கைகலந்தனர். கல் பறந்தது. அஞ்சி ஓடிய கூட்டம் வெளியேறும் வழிகளில் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தது. மிதிபட்டும் மூச்சு முட்டியும் மாண்டவர்கள் எக்கட்சியினர் என்று மரணம் விசாரிக்கவில்லை.

அந்நாளைப் பற்றிய ரசிகர்களின் நினைவுகளைக் கேட்போர்க்கு ஒரு விந்தை புலப்படும். மாண்டவர்களைப் பற்றிப் பேசுகையில் எல்லாருடைய குரலும் தாழ்கிறது. ஆனால் ‘முதலில் தவறு செய்தவர் யார்?’ என்ற வினா எழுந்ததும் குரல் மாறிவிடுகிறது. ஒரு சாரார், தடுப்பாட்டக்காரர் தொடக்கத்திலிருந்தே போஸைக் காலால் இடறிக்கொண்டிருந்தார் என்பர். மறு சாரார், போஸ் திருப்பித் தாக்கியதால்தானே தீ மூண்டது என்பர். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும், பதினாறு கப்றுகளுக்கும் சிதைகளுக்கும் அப்பாலிருந்தும், ஒவ்வொருவரும் தம் சட்டையின் நிறத்திற்கேற்பவே சாட்சி சொல்லுகின்றனர். ஒரு கட்சியை நெஞ்சார நேசிக்கும் மனிதன் நேர்மையான சாட்சியாகவும் இருக்க இயலுமா என்பதே நம் முன் உள்ள கேள்வி.

பந்தாட்டச் சண்டைக்கு இத்தனை பெரிய கேள்வியா என்று சிலர் நகைக்கலாம். அன்பர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். அந்த இரு அணிகளின் பகை வெறும் பந்தைச் சுற்றி எழுந்ததன்று. 1889-இல் பிறந்த மோகன் பகான், 1911-இல் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவின் வெள்ளையர் அணியை 2–1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றி, நாட்டுக்கே நெஞ்சு நிமிரக் கற்றுக்கொடுத்த கழகம். ஈஸ்ட் பெங்கால் 1920-இல் ஒரு மனத்தாங்கலில் பிறந்தது. ஜோராபகான் அணி தன் வீரர் ஒருவரை மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் சேர்க்க மறுத்ததைப் பொறாத சுரேஷ் சந்திர சௌத்ரி வெளியேறி, நண்பர்களுடன் நிறுவிய கழகம் அது. 1947-இல் வங்கம் பிளவுண்டு, கிழக்கிலிருந்து வீடும் வயலும் இழந்து வந்து குவிந்த அகதிகளுக்கு அந்தப் பெயரே ஊராயிற்று. இழந்த மண்ணின் பெயரைச் சட்டையில் எழுதி ஆடும் பதினொருவரைக் காண்பவனிடம், ‘இது வெறும் விளையாட்டுத்தானே’ என்று சொன்னால் அவன் நம்மைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

மேற்கின் பூர்வ குடிகள் ‘கோட்டி’ என்றும் கிழக்கிலிருந்து வந்தோர் ‘பாங்கால்’ என்றும் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டனர். ஈஸ்ட் பெங்கால் வென்ற நாளில் அவர்கள் வீட்டில் ஹில்சா மீன் மணக்கும். மோகன் பகான் வென்றால் இவர்கள் வீட்டில் இறால். இதில் என்ன குற்றம்? நமக்கு ஒரு குற்றமும் தோன்றவில்லை. அடுத்த வீட்டுக்காரனின் மீன்குழம்பைப் பொறாமையோடு முகர்ந்துகொண்டு உறங்கப் போவதும் வாழ்வின் சுவைகளுள் ஒன்றே.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் கடக்க மனம் ஒப்பவில்லை. பிரிவினையின் புண் பச்சையாக இருந்த 1949 முதல் 1953 வரையிலான ஆண்டுகளில், ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஆடிய ஐவரை ரசிகர்கள் ‘பஞ்ச பாண்டவர்’ என்று கொண்டாடினர். அப்பாராவ், வெங்கடேஷ், தன்ராஜ், அஹ்மத் கான், ஸாலிஹ் என்ற அந்த ஐவரும் தெற்கிலிருந்து சென்றவர்கள். ஒருவர்கூட வங்காளியல்லர், இருவர் முஸ்லிம்கள். மதக் கலவரத்தால் மண்ணைப் பறிகொடுத்து வந்த மக்கள், தம் மானத்தைக் காக்கும் பொறுப்பை அஹ்மத் கானின் கால்களிடம் ஒப்படைத்து, அவர் கோல் போட்டபோது ஆனந்தக் கண்ணீர் வடித்தனர். கட்சி அபிமானம் கண்ணைக் குருடாக்கும் என்பது உண்மை. சில வேளைகளில் வேறெதுவும் திறக்காத கண்ணை அது திறந்தும் விடுகிறது.

ஆகவே அபிமானத்தையே பாவமென்று ஒதுக்கிவிட முடியாது. நம் மார்க்கமும் அவ்வாறு ஒதுக்கவில்லை. ஒருவன் தன் கூட்டத்தாரை நேசிப்பது ‘அஸபிய்யத்’ எனும் இனவெறியாகுமா என்று ஒரு தோழர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவினார். நேசிப்பது வெறியாகாது, அநீதியில் தன் கூட்டத்தாருக்குத் துணைநிற்பதே வெறியாகும் என்ற கருத்தில் பெருமானார் விடை பகர்ந்ததாக ஹதீஸ் கூறுகிறது. கோடு எங்கே கிழிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அது நேசத்துக்கும் நேசமின்மைக்கும் இடையே கிழிக்கப்பட்ட கோடன்று. நேசிப்பவன் அநீதியின் முன் என்ன செய்கிறான் என்ற இடத்தில் கிழிக்கப்பட்டது.

பந்தயத்தில் மூண்ட பகை என்ன செய்யும் என்பதை அரபு நாடு முன்பே அறிந்திருந்தது. அறியாமைக் காலத்தில் அப்ஸ், துப்யான் என்னும் இரு உறவுக் குலங்கள் ஒரு குதிரைப் பந்தயம் வைத்தன. தாஹிஸ், கப்ரா என்பன குதிரைகளின் பெயர்கள். முந்தி வரும் குதிரையை மறிக்க வழியில் ஆட்கள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தனர். அந்தச் சூதிலிருந்து எழுந்த போர் நாற்பது ஆண்டுகள் நீடித்ததாக மரபுச் செய்தி. வாளேந்திய பேரர்களுள் பலர் அக்குதிரைகளைக் கண்ணாலும் கண்டிருக்கமாட்டார்கள். தாத்தாக்களின் நினைவு மட்டுமே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

நினைவு பொல்லாதது. அதற்கு மதீனத்து நிகழ்ச்சி ஒன்றைவிடத் தெளிவான சான்று வேறில்லை. அவ்ஸ், கஸ்ரஜ் கூட்டத்தார் இஸ்லாத்தை ஏற்று உடன்பிறந்தாராய் ஒரே சபையில் அமர்ந்து அளவளாவிக்கொண்டிருந்தனர். அதைப் பொறாத ஷாஸ் இப்னு கைஸ் ஓர் இளைஞனை அவர்களிடையே அனுப்பினார். அவன் வாள் எடுத்துச் செல்லவில்லை. ஹிஜ்ரத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு அவ்விரு கூட்டத்தாரும் பொருதிய புஆஸ் போரைப் பற்றிய பழைய கவிதைகளைச் சொல்லிக்காட்டினான், அவ்வளவே. இருபுறமும் பெருமை கிளர்ந்தது, வார்த்தை தடித்தது, ஆயுதம் ஏந்தி மைதானத்துக்கு வாருங்கள் என்ற அறைகூவலும் எழுந்தது. பெருமானார் (ஸல்) விரைந்து வந்து, தாம் நடுவே இருக்கும்போதே அறியாமைக் காலத்து அழைப்பா என்று கேட்ட பின்னரே அவர்களுக்குத் தன்னிலை வந்தது. அழுதனர், ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர்.

அந்த இளைஞன் பொய் எதுவும் கூறினான் என்று வரலாறு சொல்லவில்லை. கவிதைகள் இரு தரப்பாருமே பாடியவை. மடிந்தவர்களும் மெய்யாகவே மடிந்தவர்கள். எனினும், தன் தரப்பின் காயத்தை மட்டும் எண்ணி, தன் தரப்பு ஏற்படுத்திய காயத்தை எண்ணாத நினைவு, சொல்லுக்குச் சொல் உண்மையாயினும் முழுமையில் பொய்ச் சாட்சியமாகிவிடுகிறது. திருமறையின் நான்காம் அத்தியாயம் சாட்சியைப் பற்றிப் பேசுகையில், அது தனக்கோ பெற்றோருக்கோ சுற்றத்தாருக்கோ பாதகமாக முடியினும் நீதியிலேயே நிற்குமாறு பணிக்கிறது. பகைவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல எந்தக் கட்டளையும் தேவையில்லை. அதற்கு நாவு தானே முந்தும்.

இன்றைய ரசிகனுக்கு வருவோம். 2012 டிசம்பர் 9-ஆம் நாள் சால்ட் லேக் மைதானத்தில் இவ்விரு அணிகளும் மோதின. மோகன் பகானின் ஒடாஃபா சிவப்பு அட்டை பெற்று வெளியேற, கேலரி கொதித்தது. எங்கிருந்தோ பறந்து வந்த கல் ஸையித் ரஹீம் நபியின் முகத்தைத் தாக்கியது. பல ஆண்டுகள் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடி, அப்போது மோகன் பகானின் சட்டை அணிந்திருந்தவர் அவர். இரு பக்கத்தாரும் ஒரு காலத்தில் தம்மவர் என்று கொண்டாடிய ஆட்டக்காரர். அவர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். இடைவேளைக்குப் பின் மோகன் பகான் களமிறங்க மறுத்தது. கால்பந்துச் சம்மேளனம் முதலில் இரண்டாண்டுத் தடை விதித்தது. பின்னர் அதை விலக்கி 2 கோடி ரூபாய் அபராதமாக மாற்றியது. அந்நாளைப் பற்றிய பேச்சில் தடையும் அபராதமும் பறிபோன புள்ளிகளும் இன்றும் காரசாரமாக அலசப்படுகின்றன. நபியின் முகம் அத்தனை அடிக்கடி வருவதில்லை. கல்லெறிந்தவனுக்கு அருகில் பலர் இருந்திருக்க வேண்டும். அவனுடைய மணிக்கட்டை யாரும் பிடிக்கவில்லை.

‘உன் சகோதரனுக்கு உதவு, அவன் அநீதி செய்பவனாயினும் அநீதிக்குள்ளானவனாயினும்’ என்பது அரபுகளின் பழைய வழக்கு. கண்மூடிய கட்சி வெறியின் கொடியாக இருந்த அந்தச் சொல்லைப் பெருமானார் தூக்கி எறியவில்லை; உள்ளிருந்தே திருப்பி வைத்தார்கள். அநீதி செய்பவனுக்கு எவ்வாறு உதவுவது என்று தோழர்கள் திகைத்தபோது, அதிலிருந்து அவனைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என விளக்கினார்கள். எதிர்க்கட்சிக்காரன் வந்து தடுத்தால் அது சண்டையாகும். தன் கட்சிக்காரன் தடுத்தால் மட்டுமே அது உதவியாகும். அந்த மணிக்கட்டைப் பிடிக்கும் உரிமை, பக்கத்தில் அதே நிறச் சட்டை அணிந்து நின்றவனுக்கே இருந்தது.

தோல்வியைப் பற்றியும் ஒரு சொல். 1975 செப்டம்பர் 30-இல் கேடய இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 5–0 என மோகன் பகானை வீழ்த்தியது. ‘ஐந்து’ என்று விரலை விரித்துக் காட்டினாலே மறுகட்சிக்காரரின் முகம் சுருங்கும் என்பார்கள். அந்தத் தோல்வியைத் தாளாமல் ஓர் இளம் ரசிகன், மறுபிறவியில் சிறந்த வீரனாகப் பிறந்து பழிதீர்ப்பதாக எழுதிவைத்து உயிரை மாய்த்துக்கொண்டான். வெற்றிக் களிப்பில் அந்த எண்ணிக்கையைச் சொல்லிச் சிரிப்பவர்கள், அந்தக் கணக்கில் இவனையும் சேர்த்துக்கொள்ள வேண்டாமா? பெருமானாருடைய அள்பா என்ற ஒட்டகம் பந்தயத்தில் தோற்றறியாதது. ஒருநாள் நாட்டுப்புறத்து அரபி ஒருவரின் இளம் ஒட்டகம் அதை முந்திவிட்டது. தோழர்களின் முகங்கள் வாடின. உலகில் உயர்ந்து நிற்கும் எதையும் தாழச் செய்வது அல்லாஹ்வின் நியதி என்று நாயகம் (ஸல்) அவர்கள் அமைதியாக எடுத்துரைத்தார்கள். தோழர்கள் வருந்தியதை அவர்கள் கடிந்துகொண்டதாகச் செய்தியில் இல்லை என்பதும் நம் கருத்துக்குரியது.

இவ்வளவும் பிறரைப் பற்றியே எழுதிச் செல்வது நியாயமாகாது. 1934 முதல் 1938 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கல்கத்தா லீக்கை வென்ற முகம்மடன் ஸ்போர்ட்டிங் அணியின் புகழை நம்மவர்கள் பெருமிதத்தோடு பேசுவர். பெருமை தகும். இந்திய அணி எதுவும் அதற்குமுன் அந்த லீக்கை வென்றதில்லை. ஆனால் அந்த வெற்றிகளை மார்க்கத்தின் வெற்றிகளாகவே எண்ணிப் பூரித்தவர்களும், அந்த அணியின் தோல்வியை மாற்றாரின் சூழ்ச்சியாகவே கண்டவர்களும் நம்மிடையே இருந்தனர். கல்கத்தாவின் ஆகஸ்ட் 16-க்கு மற்றொரு பக்கமும் உண்டு. 1946-இல் அதே தேதியில்தான் அந்நகரின் பெருங்கொலைகள் தொடங்கின. இரு சமூகத்தாரும் மாண்டனர். இரு சமூகத்தாரும் கொன்றனர். அதைப் பற்றிய நம் வீட்டுப் பேச்சுகளில் இவ்விரு வாக்கியங்களும் சேர்ந்து ஒலிக்கின்றனவா என்று அவரவரே பார்த்துக்கொள்ளட்டும்.

உணர்ச்சியற்ற நடுவராய் அமர்ந்து ஆட்டம் பார்ப்பவனுக்கு ஆட்டத்தில் என்ன இன்பம் என்ற கேள்வி நியாயமானதே. தொண்ணூறு நிமிடங்கள் தொண்டை வறளக் கத்துவதை நாம் தடுக்கவில்லை. நடுவரின் கண்ணைச் சந்தேகிப்பது ரசிகனின் பிறப்புரிமை என்றுகூட விட்டுக்கொடுக்கலாம். நாம் கேட்பது தொண்ணூற்றோராம் நிமிடத்துக்குப் பிந்தைய நேர்மையை. வீடு திரும்பிய பின், ஆண்டுகள் உருண்ட பின், பேரனிடம் கதை சொல்லுகையில், ‘அன்று நம்மவன் செய்தது தவறு’ என்ற ஒரு வாக்கியம் அந்தக் கதையில் இடம்பெறுமா என்பதே கேள்வி.

1980-இல் மாண்டவர்களின் நினைவாக ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16-இல் அந்நகரில் கால்பந்து அன்பர்கள் இரத்ததானம் செய்கின்றனர். 2024 ஆகஸ்ட் 18-இல் இவ்விரு அணிகளும் டூரண்ட் கோப்பையில் மோதவிருந்தன. நகரின் மருத்துவமனை ஒன்றில் பெண் மருத்துவர் ஒருவர் கொடூரமாகக் கொல்லப்பட்டதை எதிர்த்து மக்கள் கொந்தளித்திருந்த நேரம் அது. ஆட்டம் ரத்துச் செய்யப்பட்டது. ஆட்டமில்லாத மைதானத்தின் வாசலுக்கு இரு கட்சி ரசிகர்களும் வந்தனர். முகம்மடன் ரசிகர்களும் உடன் வந்தனர். நீதி கேட்டு ஒரே குரலில் முழங்கினர். போலீஸார் தடியடி நடத்தினர். சிவப்பும் பொன்னும் அணிந்தவனின் தோள்மீது பச்சையும் அரக்கும் அணிந்தவன் ஏறி நின்று முழக்கமிட்ட படம் நாடெங்கும் பரவியது.

இரண்டு மாதங்கள் கழித்து, அக்டோபர் 19-இல், அதே மைதானத்தில் இரு அணிகளும் மோதின. மோகன் பகான் 2–0 என வென்றது. கேலரியில் வழக்கமான வசைமொழிகள் வழக்கம்போலவே முழங்கின.