திருத்தமும் கர்த்தாவும்

இயற்கையின் நுட்பத்தைக் காட்டி அதனை அமைத்த கர்த்தா ஒருவன் உண்டென்று நிறுவ முயலும் பக்தர்கள், இலையின் பசுங்கணிகத்தினுள் நிகழும் ஒரு காரியத்தைச் சற்று நின்று நோக்குவது நலம். தனித்து வாழ்ந்த நுண்ணுயிர் ஒன்றின் சந்ததியாகிய அந்தப் பசுங்கணிகம், தன் மரபணுக்களிற் பெரும்பாலானவற்றை உட்கருவிடம் ஒப்புவித்துவிட்டு, எஞ்சிய சிலவற்றையும் பிறர் துணையின்றி ஆள மாட்டாத நிலையில் இருக்கிறது. கடுகினத்துச் சிறு செடியாகிய அராபிடாப்சிஸில், என்.டி.எச்.டி. என்னும் பசுங்கணிக மரபணுவின் ஆர்.என்.ஏ. பிரதியிலே, புரதம் தொடங்குவதற்குரிய ஏ.யு.ஜி. என்ற மூன்றெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஏ.சி.ஜி. என்றே இருக்கிறது, உட்கருவின் ஆணைப்படி வெளியே உருவாகி உள்ளே வந்து சேரும் சி.ஆர்.ஆர்.4 என்ற புரதம் அவ்விடத்தை இனங்கண்டு பற்றினாலன்றி, அந்த நடுவெழுத்துத் திருந்துவதில்லை என்பதை 2005இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் வெளியிட்டனர்.

இப்புரதம் சார்ந்த பி.பி.ஆர். குடும்பத்தின் அமைப்பு, பார்ப்போர் மனத்தை உடனே கவர்வது. ஏறக்குறைய 35 அமினோ அமிலங்கள் கொண்ட ஓர் அலகு ஜபமாலையின் மணிபோலத் திரும்பத் திரும்ப வர, ஒவ்வோர் அலகும் ஆர்.என்.ஏ.யின் ஓரெழுத்தைப் பற்றுகிறது. எந்த எழுத்தென்பதை அவ்வலகிலுள்ள இரண்டு அமிலங்களே பெரும்பாலும் நிர்ணயிக்கின்றன. மனிதனிடம் ஏழே உள்ள இவ்வகைப் புரதங்கள் அச்சிறு செடியில் சுமார் 450!

ஆனால் மார்கான்ஷியா என்ற ஈரலுருத் தாவரத்தில் இத்தகைய திருத்தமே இல்லை. அங்கே எழுத்துக்கள் மரபணுவிலேயே செம்மையாக உள்ளன. சாமர்த்தியமே பிரமாணமானால், பிழைபட எழுதிவிட்டுப் பின்னர் திருத்துவோர் கூட்டத்தை அமர்த்திய கர்த்தாவை எங்ஙனம் போற்றுவது? திருத்தும் ஆற்றல் முன்னரே வாய்த்திருந்தமையால்தான் பிழைகள் செடியைக் கொல்லாமல் தங்கின என்றும், தங்கியபின் திருத்துவோன் இன்றியமையாதவனானான் என்றும் ஆய்வாளர் ஒரு சாரார் கூறுவதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இதனால் ஆஸ்திகம் ஆட்டங்காணும் என்று அஞ்சுவோர் மெய்கண்டாரின் சிவஞானபோதத்து முதற் சூத்திரத்தைக் கருத்தூன்றிப் பார்க்க வேண்டும். உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவது, ஆதலின் அதனைத் தோற்றுவிக்கும் ஒருவன் வேண்டும் என்பதன்றி, அது நேர்த்தியாக இருக்கிறது என்பது அங்கே ஹேதுவாக வைக்கப்படவில்லை. அந்த வாதத்தை ஏற்போரும் உளர், மறுப்போரும் உளர். மறுக்கப் புகுவோர் காட்டவேண்டியது இலையினுள் உள்ள எழுத்துப் பிழையை அன்று, தோன்றி அழிவதொன்று பிறிதொன்றன் சார்பின்றித் தானே தோன்றக்கூடும் என்பதையே.