கொட்டகையை விட்டு வெளியே வந்த பிறகு

முக்கூடலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பெரியம்மா பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டே ஊர் உலகத்துச் சங்கதி எல்லாம் பேசுவாள். இலை வெட்டும் கத்திரியும் நிற்காது, பேச்சும் நிற்காது. டூரிங் கொட்டகையில் எம்.ஜி.ஆர். படம் போட்டிருக்கும் நாளில் மட்டும் தட்டு பொழுது சாயும் முன்பே சுவரோரம் போய்விடும். ‘படகோட்டி’, ‘விவசாயி’, ‘ரிக்‌ஷாக்காரன்’ எல்லாம் எத்தனை தடவை பார்த்தாள் என்பதற்கு அவளிடமே கணக்கில்லை. பெண்கள் பக்கத்து மணல் தரையில் அவள் மடியில் கிடந்துதான் நான் சினிமா பார்க்கப் பழகினேன்.

1981இல் மதுவிலக்கைத் தளர்த்தியது எம்.ஜி.ஆர். அரசு. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. அப்போது நான் கல்லூரியில் முதலாண்டு. நாலு புத்தகம் படித்துவிட்ட சூட்டோடு ஒரு விடுமுறையில் பெரியம்மாவிடம் போய்க் கேட்டேன்: “எந்தப் படத்துலயாவது அவரு கிளாஸக் கையில எடுத்திருக்காரான்னு கேப்பியே, இப்பக் கடையத் தொறந்து விட்டது யாரு?”

அவள் இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “படத்துல அவருக்குத் துட்டு தேவையில்ல, எய்யா. ஆட்சி நடத்துததுக்குத் துட்டு வேண்டாமா? பிள்ளைகளுக்கு மத்தியானம் சோறு எங்கேருந்து வருது? ஒங்க பெரியப்பா கடை தொறக்கதுக்கு முன்னாலயும் குடிச்சாரு, இப்பமும் குடிக்காரு. நான் ஓட்டுப் போடுதது பிள்ளைக சோத்துக்கு.”

1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தில் அவளுடைய கடைசி இரண்டு பிள்ளைகளும் பள்ளியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 1984 டிசம்பரில் எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிப்பட்டியில் போட்டியிட்டு வென்றபோது, பெரியம்மாவும் இரட்டை இலைக்குத்தான் போட்டாள். அவளை ஏமாந்தவள் என்று நான் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இன்றும் வருந்துகிறேன்.

என்னைப் போல நினைத்தவர்கள் அன்று நிறையப் பேர். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எழுதிய ‘தி இமேஜ் ட்ராப்’ நான் மிகவும் மதிக்கும் நூல். ஏழைகளின் காவலராகத் திரையில் நின்றவரின் ஆட்சியில், வரிச்சுமை ஏழைகளின் தலையிலேயே விழுந்ததை அது காட்டியது. சாராய வருமானம் அதில் பெரும்பங்கு. அந்தக் கணக்கை யாரும் மறுக்க முடியாது. ஆனால் படம் என்னும் சிறைக்குள் மக்கள் சிக்கிக்கொண்டார்கள் என்னும் முடிவுக்கு வரும்போதெல்லாம் பெரியம்மாவின் கத்திரிச் சத்தம் எனக்குக் கேட்கிறது. அவள் எதில் சிக்கினாள்? திரையில் இருந்தவரையும் கோட்டையில் இருந்தவரையும் அவள் குழப்பிக்கொள்ளவே இல்லை. இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தி, தன் அடுப்படிக்கு யார் என்ன கொண்டுவந்தார் என்று எடை போட்டாள். அந்த எடையில் பிழை இருக்கலாம். பெரியப்பாவின் குடியால் அவள் இழந்தது பள்ளிச் சோற்றால் கிடைத்ததைவிட அதிகமாகவே இருந்திருக்கும். ஆனாலும் எடை போட்டது அவள் கைதான்.

அதே காலத்தில் மதுரையின் ஏழைக் குடியிருப்புகளில் தங்கி ஆய்வு செய்த சாரா டிக்கி என்ற அமெரிக்க மானுடவியலாளர், சினிமாவைப் பற்றி அந்த மக்கள் எவ்வளவு பேசுகிறார்கள் என்பதைக் கவனித்துக் கேட்டு 1993இல் ஒரு நூலாக்கினார். அதைப் படிக்கும்போது எனக்கு முதலில் வந்தது வெட்கம். எங்கிருந்தோ வந்த ஒருவர் உட்கார்ந்து கேட்டதை, மடியில் கிடந்து வளர்ந்த நான் கேட்கவில்லை.

பார்வையாளரைக் காலிக் குடமாக நினைப்பது நம்மிடம் ஆழமாக ஊறிய பழக்கம். வசனம் எழுதுகிறவர் ஊற்றினால் நிரம்பிவிடும் என்று நினைக்கிறார். காட்சியை வெட்டச் சொல்லும் கட்சிக்காரரும் அதையே நம்புவதால்தான் பயப்படுகிறார். திராவிட இயக்கம் 1949இல் ‘வேலைக்காரி’யையும் 1952இல் ‘பராசக்தி’யையும் தந்து, 1967இல் ஆட்சிக்கும் வந்துவிட்டதால், திரைக்கும் வாக்குப்பெட்டிக்கும் நடுவே நேர்க்குழாய் ஒன்று பதிக்கப்பட்டிருப்பதாகத் தமிழ்நாட்டில் எல்லோரும் நம்பிவிட்டோம். இரண்டுக்கும் நடுவே படிப்பகங்களும் தெருமுனைக் கூட்டங்களும் இந்தி எதிர்ப்புப் போராட்டமும் அரிசிப் பஞ்சமும் இருந்தன. அவற்றை மறந்துவிட்டுப் படத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம்.

குழாய் இருந்திருந்தால் சிவாஜி கணேசன் தோற்றிருக்க மாட்டார். ‘பராசக்தி’யின் நீதிமன்ற வசனத்தை இரண்டு தலைமுறை மனப்பாடம் செய்தது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் தனிக்கட்சி கண்டு 1989இல் திருவையாற்றில் நின்றபோது மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். அவருடைய படங்களுக்காக அழுத கண்களில் எதுவும் வற்றிவிடவில்லை, வாக்கு மட்டும் வேறு இடம் போயிற்று. 2004 நாடாளுமன்றத் தேர்தலில் ரஜினிகாந்த் பாட்டாளி மக்கள் கட்சியை வெளிப்படையாக எதிர்த்தார், தன் வாக்கு எந்த அணிக்கு என்றும் சொன்னார். அந்தக் கட்சி நின்ற எல்லாத் தொகுதிகளிலும் வென்றது. அவர் படத்துக்கு முதல் நாள் பால் ஊற்றிய கைகள் வாக்குச்சாவடியில் தங்கள் சொந்த நியாயத்தின்படியே நடந்துகொண்டன.

2017இல் ‘மெர்சல்’ வந்தபோது எழுந்த கூச்சல் நினைவிருக்கும். சிங்கப்பூரில் 7 விழுக்காடு ஜி.எஸ்.டி., மருத்துவம் இலவசம். இங்கே 28 விழுக்காடு, ஏன் இலவசம் இல்லை என்று நாயகன் கேட்கிறான். சிங்கப்பூரில் மருத்துவம் அப்படி முழுக்க இலவசம் இல்லை. இங்கேயும் 28 என்பது அன்றைய உச்ச அடுக்கு, மருந்துகளுக்கு அவ்வளவு வரி இருக்கவில்லை. அந்தக் காட்சியை நீக்கச் சொன்னார்கள். படத்தைத் தடைசெய்யக் கேட்ட மனுவைச் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தகவல் பிழை என்று தொலைக்காட்சிகளில் இரவெல்லாம் விளக்கினார்கள். திருநெல்வேலித் திரையரங்கில் அந்த இடத்தில் எழுந்த கைதட்டலை நான் கேட்டேன். எனக்கு முன்வரிசையில் இருந்தவர் தன் பக்கத்தில் இருந்தவரிடம், அம்மாவின் டயாலிசிஸுக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிங்கப்பூர் வரி விகிதம் அவருக்கு எதற்கு? வசனம் வெறும் சாவிதான். அதை வாங்கி அவர் தன் வீட்டுக் கதவைத் திறந்தார். சாவியில் துருப்பிடித்திருக்கிறது என்று நாம் விவாதித்துக்கொண்டிருந்த நேரத்தில் கதவுக்கு உள்ளே இருந்த வலியைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்தப் பிழையான வசனத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. மக்களிடம் பேசும்போது கணக்கைச் சரியாகச் சொல்வது கலைஞனின் கடமை. நான் சொல்வது, கைதட்டல் அந்தக் கணக்குக்கு விழவில்லை என்பதுதான்.

அடுத்த ஆண்டு ‘சர்கார்’. அரசு தந்த இலவச மிக்சியையும் கிரைண்டரையும் மக்கள் தீயில் எறியும் காட்சி. ஆளுங்கட்சியினர் திரையரங்குகளில் பதாகைகளைக் கிழித்தார்கள், காட்சி நீக்கப்பட்டது. நீக்குவதற்கு முன்பே பார்த்துவிட்ட என் பெரியம்மாவின் மருமகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “மிக்சியத் தீயில போட்டவன் வீட்டுல அம்மியில அரைக்கது யாரு?” அந்தக் காட்சியை எழுதியவருக்கோ எதிர்த்தவர்களுக்கோ இது தோன்றியிருக்காது. தினமும் அரைக்கிற கைக்கு உடனே தோன்றிவிட்டது.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் மக்களைப் புகழ்ந்த ஒரு கட்டுரையாகிவிடும். மனதை அரிக்கும் பாதி இனிமேல்தான் இருக்கிறது.

1992 தீபாவளிக்கு வந்தது ‘தேவர் மகன்’. கமல்ஹாசன் எழுதித் தயாரித்து, பரதன் இயக்கியது. படத்தின் அறிவும் மனமும் வன்முறைக்கு எதிரானவை. அரிவாளைக் கீழே போடுங்கள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று கெஞ்சிவிட்டுத்தான் அதன் நாயகன் சிறைக்குப் போகிறான். தென்மாவட்டங்களில் தொண்ணூறுகளில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கெஞ்சல் தெருவுக்கு வரவில்லை. தெருவுக்கு வந்தது அந்தப் படத்தின் புகழ்ச்சிப் பாட்டு. கோயில் கொடையில், கல்யாண வீட்டில், குருபூஜைக்குப் போகும் வண்டிகளில் அது ஒலித்தது. குறிப்பிட்ட தெருமுனை வந்ததும் ஒலிபெருக்கியின் ஒலி கூட்டப்பட்டதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். முழுப்படத்தையும் பார்த்தவர்கள்தான் அதைச் செய்தார்கள். படத்தின் முடிவு அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைத் திரையரங்கிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். பெரியம்மாவிடம் நான் கண்ட அதே சுதந்திரம்தான் இதுவும். அதே கை, அதே எடைக்கல். தட்டில் வைக்கப்பட்டது மட்டும் வேறு.

முப்பத்தோரு ஆண்டு கழித்து இயக்குநர் மாரி செல்வராஜ் அதற்கு எழுதிய பதில்தான் ‘மாமன்னன்’. ‘தேவர் மகன்’ தனக்குள் உண்டாக்கிய காயத்தைப் பற்றி, கமல்ஹாசன் வந்திருந்த மேடையிலேயே அவர் பேசினார். பழைய படத்தில் வேலையாள் இசக்கியாக வந்த வடிவேலுவே இதில் மாமன்னன். சட்டமன்ற உறுப்பினரான பிறகும் ஆதிக்கச் சாதித் தலைவனின் முன்னால் நாற்காலியில் உட்காரத் தயங்கும் மனிதர். அந்தத் தலைவனாக, ரத்னவேலாக, பகத் பாசில். ஓட்டத்தில் தோற்ற தன் நாயை அடித்தே கொல்பவன் அவன். அவனை வெறுக்கும்படி ஒவ்வொரு காட்சியும் கட்டப்பட்டிருக்கிறது. 2023 ஜூன் கடைசியில் திரையரங்கில் வந்து, ஜூலை கடைசியில் நெட்பிளிக்ஸில் ஏறியதும் என்ன நடந்தது? ரத்னவேலின் காட்சிகளை இளைஞர்கள் துண்டு துண்டாக வெட்டி, தங்கள் சாதிப் பாட்டுகளை ஒட்டிச் சமூக ஊடகங்களில் போட்டார்கள். ஒரே சாதியினர் அல்ல, பல சாதியினரும் அவனைத் தங்களவன் என்றார்கள். அவனுக்குப் படத்தில் சாதிப்பெயர் சொல்லாமல் விட்டிருந்தது ஆளுக்கொரு பெயரைச் சூட்ட வசதியாகப் போயிற்று. இயக்குநர் கண்ணாடி பிடித்தார். அதில் தெரிந்த முகம் அழகாக இருக்கிறது என்று மகிழ்ந்துபோனார்கள்.

அந்தத் துண்டுகள் கைபேசிகளில் ஓடிக்கொண்டிருந்த அதே ஆகஸ்ட் மாதம் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த பையன்கள். ஒன்றுக்கு மற்றொன்று காரணம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால், நான் மேலே மறுத்த குழாயை மறுபடி நானே பதித்தவனாவேன். படம் அந்தப் பையன்களை உருவாக்கவில்லை. அவர்களை உருவாக்கிய ஊர்தான் படத்தையும் வேறாகப் பார்க்க வைத்தது. மணிக்கட்டில் சாதிக்கொரு நிறமாகக் கயிறு கட்டிப் பள்ளிக்கு அனுப்பப்படும் பிள்ளை, திரையரங்கு இருட்டிலும் அந்தக் கயிற்றோடுதான் உட்கார்ந்திருக்கிறான்.

அதனால்தான், முற்போக்கான படங்கள் வரிசையாக வருகின்றன, சமூகம் மாறிவிடும் என்று நண்பர்கள் மகிழும்போது என்னால் முழுதாகச் சேர்ந்துகொள்ள முடியவில்லை. அந்தப் படங்கள் வர வேண்டும், இன்னும் வர வேண்டும். நாற்காலியில் உட்காரத் தயங்கிய ஒருவரைத் திரையில் பார்த்து, தன் அப்பாவை நினைத்து அழுதவர்களை நான் அறிவேன். அந்த அழுகை வீணாகாது. ஆனால் யார் அழுகிறார்கள், பக்கத்து இருக்கையில் யார் கைபேசியைத் தூக்கிப் படம் பிடிக்கிறார்கள் என்பதைப் படம் தீர்மானிப்பதில்லை.

2018இல் ‘பரியேறும் பெருமாள்’ வந்திருந்த நேரம். நான் பாடம் நடத்திய கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் அநேகமாக எல்லோருமே அதைப் பார்த்திருந்தார்கள். படம் திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியில் ஒரு தலித் மாணவனையும் ஆதிக்கச் சாதி மாணவியையும் சுற்றி நடக்கிற கதை, அவர்களுக்குப் பழகிய தெருக்கள், பழகிய பேச்சு. கடைசிக் காட்சியில் இரண்டு தேநீர்க் குவளைகள், நடுவே ஒரு பூ. அது என்ன சொல்கிறது என்று ஒரு பக்கம் எழுதுங்கள் என்றேன். யாரும் எழுதவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து கேட்டான்: “சார், பேரு எழுதணுமா?”

வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகுதான் பேனாக்கள் நகர்ந்தன.

அன்றிரவு வீட்டில் அந்தத் தாள்களைப் படித்தேன். இரண்டு பேரும் சமமாகிவிட்டார்கள் என்று பலர் எழுதியிருந்தார்கள். இரண்டு குவளையும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன, அதுதான் நல்லது என்று ஒருவர். அந்தப் பெண் அவனிடம் பேசாமல் இருந்திருந்தால் எந்தப் பிரச்சினையும் வந்திருக்காது என்று மூன்று பேர், ஏறக்குறைய ஒரே சொற்களில். தேநீரை யார் போட்டது என்று படத்தில் காட்டவில்லையே என்று ஒரு மாணவி கேட்டிருந்தாள்.

ஒரு தாளில் மட்டும் படத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கல்லூரி விடுதியின் அறை எண்கள் வரிசையாக எழுதப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த அறையில் எந்தச் சாதி மாணவர்கள் தங்குகிறார்கள் என்று குறிக்கப்பட்டிருந்தது. பதினான்கு அறைகள். ஓர் அறையில்கூடக் கலப்பு இல்லை.