தியாகம் என்று சொல்லித் தப்பிக்கொள்ளலாமா?



பொழுது சாயும் வேளையில், ஒரு தாதி இரவுக் கடமைக்குப் புறப்பட்டுப் போவதை லிங்கநகர்த் தெருக்களில் நீங்கள் கண்டிருப்பீர்கள். "பாவம், தியாகப் பிறவி" என்று சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கிறோம். அந்த ஒரு சொல்லோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா? இதைச் சற்றுச் சிந்திப்போம்.

ஒரு நோயை எடுத்துக்கொள்வோம். தலசீமியா என்னும் இரத்த நோய் இலங்கைக்குப் புதிதன்று. குருணாகலில் இதற்கெனத் தனிச் சிகிச்சை நிலையமே உண்டு. கலங்களினுள் இருக்கும் பரம்பரையலகு ஒன்று பழுதுபடுவதால் இரத்தத்தின் ஈமோகுளோபின் சரிவர உருவாகாமற் போவதே இந்நோய். தாயும் தந்தையும் சுகமாகவே இருப்பார்கள். ஆயினும் இருவரும் அப்பழுதைத் தாங்கியிருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இது எவருடைய பாவமுமன்று, சாபமுமன்று.

நோய் கடுமையான பிள்ளைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். மெலிந்த கையில் இரத்தக் குழாயைத் தேடிப் பிடித்து, அழும் பிள்ளையைத் தேற்றி, ஊசியை ஏற்றுபவர் யார்? தாதிதான்.

விஞ்ஞானம் இன்று வெகுதூரம் போய்விட்டது. நோயாளியின் சொந்தக் கலங்களை வெளியே எடுத்து, பரம்பரையலகைத் திருத்தி, மீண்டும் உடலிற் செலுத்தும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரித்தானியா முதன்முதலாக அனுமதி வழங்கியது. அமெரிக்காவில் அதன் விலை 22 இலட்சம் டொலர் என அறிவிக்கப்பட்டது. வியக்கத்தக்க சாதனைதான். ஆனால் அச்சிகிச்சையின்போது எலும்பு மச்சையை வெறுமையாக்க வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தி குன்றிய நிலையில் நோயாளி வாரக்கணக்கில் வைத்தியசாலையில் கிடக்க வேண்டும். நள்ளிரவில் அவருக்குக் காய்ச்சல் காய்கிறதா என்று பார்ப்பதும் ஒரு தாதியின் கைதான்.

கலத்தை ஆராய்ந்தது போலவே அந்தக் கையின் பாரத்தையும் விஞ்ஞானம் ஆராய்ந்திருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 வைத்தியசாலைகளை லிண்டா எய்க்கன் குழுவினர் ஆராய்ந்து, 2002இல் முடிவை வெளியிட்டனர். ஒரு தாதியின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடும் ஒவ்வொரு தடவையும், சத்திரசிகிச்சை பெற்றவர்கள் 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுதலாயிருந்தது. தாதியர் மனமும் உடலும் சோர்ந்துபோகும் வாய்ப்போ 23 சதவீதம் கூடியது. ஆகவே, களைத்த தாதியின் துன்பம் அவரோடு முடிவதில்லை. கட்டிலிற் கிடக்கும் நம் பிள்ளையையும் அது தொடுகிறது.

1983இல் அமெரிக்க ஆய்வாளர்கள், தாதியர் விட்டுப் போகாத 41 வைத்தியசாலைகளைத் தெரிந்தெடுத்து அதன் காரணத்தைத் தேடினர். போதிய ஆள்பலம், துணைநிற்கும் மேலாளர், தாதியரின் சொல்லுக்கு மதிப்பு, இசைந்துகொடுக்கும் கடமை நேரம் என்பவை அங்கே இருந்தன. இவற்றில் எதுவும் அதிசயமன்று.

"நாமோ வறிய நாடு, என்ன செய்வது?" என்பீர்கள். உண்மைதான். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்பின் தாதியர் பலர் கடல் கடந்து போயினர். அவர்களைச் சுயநலக்காரர் என்று ஏசுவது எளிது. ஆனால், இங்கே எஞ்சியிருப்பவரின் தோளில் போனவரின் சுமையையும் ஏற்றிவிட்டு, அதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டுவது நியாயமாகுமா? தியாகம் என்பது ஒருவர் தாமாகக் கொடுப்பது. மற்றவர் வற்புறுத்தி வாங்கினால் அது தியாகமன்று, சுரண்டல்.

நல்ல சமாரியனின் உவமையை நாமெல்லாரும் அறிவோம். காயப்பட்டவனைச் சத்திரத்திற் சேர்த்தபோது, "தருமமாகப் பார்த்துக்கொள்" என்று அவன் சொல்லவில்லை. சத்திரக்காரன் கையில் இரண்டு காசு கொடுத்தான். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னான். பராமரிப்பவரின் பாரத்தையும் கணக்கிலெடுத்ததே அவன் இரக்கத்தின் நிறைவு.

ஆகவே, குடும்பத் தலைவர்களே, தாய்மாரே, இரவுக் கடமை முடித்து வரும் மகளை, மருமகளைப் பகலில் உறங்க விடுங்கள். அடுப்படி வேலையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். வைத்தியசாலையில் பார்வையாளர் நேரத்தை மதியுங்கள். போதிய ஆள்பலம் வேண்டுமென்று தாதியர் கேட்கும்போது, அது நம் பிள்ளைக்காகவும் கேட்கப்படுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.