போகிறவள் வாங்கும் பறவை

முதன்முதலாகப் பறவை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இனத்தைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். எது பேசும், எது கடிக்காது, எதற்குச் செலவு குறைவு என்று. வெளிநாடு போகக் காத்திருக்கும் ஒருவர் விசாரிக்கும்போது, இவற்றுக்கெல்லாம் முன்னால் இன்னொன்றைக் கேட்டாக வேண்டியிருக்கிறது. போன பிறகு அது யாரிடம் இருக்கும்?

என் தங்கை மகள் ராஜபாளையத்துக்காரி. மதுரையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். ஆஸ்திரேலியா போவதற்காக ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறாள். தேர்வு, பதிவு, விசா எல்லாம் கூடிவர ஒன்றரை வருடமும் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம். விடுமுறையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், “மாமா, ஒரு கிளி வளர்க்கலாம்னு இருக்கேன். நான் போனாலும் அம்மாவுக்குத் துணையா இருக்கும்ல?” என்றாள். தங்கை கணவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. மகளும் போய்விட்டால் அந்த வீட்டில் தங்கை மட்டும்தான்.

அவள் கேட்டதில் இரண்டு ஆசைகள் பின்னிக் கிடந்தன. காத்திருக்கும் காலத்தில் தனக்கென்று ஓர் உயிர் வேண்டும் என்பது ஒன்று. தான் போன இடம் வெறுமையாக இருக்கக் கூடாது என்பது மற்றொன்று. இரண்டுமே நல்ல ஆசைகள். ஆனால் முதல் ஆசைக்கு ஏற்ற பறவை இரண்டாவதுக்கு ஏற்றதாக இருக்காது. அன்றைக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. யோசிக்க யோசிக்கத்தான் பிடிபட்டது.

கிளி என்றதும் அவள் மனதில் வந்தது பச்சைக்கிளி. இந்த ஊர்ப் பக்கம் வளர்ந்தவளுக்கு வேறு எது வரும்? ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் இலைக்கிளியைப் பார்த்துத்தான் எங்கள் பிள்ளைகள் வளர்கிறார்கள். மாதுளம்பூ மூக்கு, மரவள்ளி இலையில் உடல், வாழை நாரில் கட்டு, காக்காய்ப்பொன்னில் கண். வழிவழியாக அந்தக் கைங்கரியத்தைச் செய்து வரும் குடும்பத்தார் நாள்தோறும் புதிதாகச் செய்து தருகிறார்கள். ஒருநாள் தாயார் கையில் இருந்த கிளி பிறகு ஒரு பக்தரின் வீட்டுக்குப் போகிறது. அடுத்த நாளைக்கு அடுத்த கிளி.

உயிருள்ள பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாம் அட்டவணையில் நம் பச்சைக்கிளி இருக்கிறது. கிளி ஜோசியக்காரரின் பெட்டியில் பார்த்துப் பார்த்து, அது வீட்டுப் பறவைதான் என்ற எண்ணம் நமக்குப் பதிந்துவிட்டது. மரப் பொந்திலிருந்து கண் திறக்காத குஞ்சாக எடுத்து வந்ததுதான் அந்தப் பெட்டிக்குள் இருப்பது. சட்டம் இல்லாவிட்டாலும் அது வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். மலையடிவாரத்து மாந்தோப்பில் கூட்டமாகக் கத்திக்கொண்டு பறக்கும் பறவையை ஒற்றையாய்க் கம்பிக்குள் வைத்துப் பார்க்க எனக்கு மனம் வராது.

அவள் கேட்டதிலிருந்து நாச்சியார் திருமொழியின் பன்னிரண்டாம் பதிகம் என் நினைவில் ஓடிக்கொண்டே இருந்தது. இந்த ஊர்ப் பெண்ணான ஆண்டாள் தன் வீட்டாரிடம், என்னை இங்கே வைத்திராதீர்கள், கண்ணன் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்று மன்றாடுகிற பதிகம் அது. வடமதுரை, ஆயர்பாடி, யமுனைக் கரை என்று ஒவ்வோர் இடமாகச் சொல்லித் துவாரகையில் முடிகிறது. அதன் ஒன்பதாம் பாட்டில் கூட்டில் ஒரு கிளி இருக்கிறது. கோவிந்தன் பேரை ஓயாமல் கூப்பிடுகிறது. தீனி கொடுக்காமல் தண்டித்தால் உலகளந்தான் பேரை இன்னும் உரக்கச் சொல்கிறது. அந்த வீட்டில் கேட்டுக் கேட்டுக் கற்ற பேராகத்தான் இருக்க வேண்டும். பாடுகிறவளோ கிளம்பத் துடிக்கிறாள். அவள் போன பிறகு அந்தக் கிளிக்கு யார் தீனி வைத்தார்கள்? பாட்டின் பொருளில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. பக்தியோடு படிக்கிறவர்கள் இப்படிக் கேட்கவும் மாட்டார்கள். மருமகள் வந்து போனதிலிருந்து எனக்கு அந்தக் கிளி நினைவாகவே இருந்தது. அது கூப்பிட்ட பேர் கண்ணனுடையது என்றாலும் அதன் செவியில் பழகிய குரல் அவளுடையது.

பச்சைக்கிளி கூடாது என்றால் வெளிநாட்டுப் பறவைகள்தான் மிச்சம். இப்போது கைத்தீனி கொடுத்து வளர்த்த சன் கனூர் குஞ்சுகளைப் பலரும் வாங்குகிறார்கள். மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கண்ணைப் பறிக்கும். தோளில் ஏறி உட்காரும். கிட்டத்தட்ட இருபத்தைந்து வருடம் வாழக்கூடியது. சாம்பல் கிளி எனப்படும் ஆப்பிரிக்கன் கிரே நாற்பதைத் தாண்டியும் வாழும். காட்டில் அதைப் பிடித்துப் பிடித்தே அழித்ததால், 2016-ல் வன உயிரின வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்கு அதை ஏற்றினார்கள். சைட்டிஸ் பட்டியலில் உள்ள பறவையை வீட்டில் வைத்திருப்பவர்கள், 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கடையில் வாங்கும்போது இதைச் சொல்வார்கள் என்று நம்ப முடியாது. நாம்தான் கேட்க வேண்டும்.

பதிவைச் செய்துவிடலாம். எனக்கு உறுத்துவது அந்தக் கைத்தீனிதான். தாயிடமிருந்து பிரித்து ஊசிக்குழாயில் கஞ்சி ஊட்டி வளர்த்த குஞ்சு மனிதரையே தன் கூட்டமாக நினைத்துக்கொள்ளும். பிரியத்துக்குரியவர் ஒருநாள் காணாமல் போனால் கத்தும், தீனியைக் குறைக்கும், தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும் பறவைகளும் உண்டு. ராஜபாளையத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2005-ல் தபால்தலையில் வந்த அந்த ஊர் வெள்ளை நாயைப் பற்றிப் பெருமையாகச் சொல்வதே, ஒரு கைக்குத்தான் அடங்கும், வேற்றுக் கையில் சாப்பிடாது என்பதுதான். அந்தக் குணத்தைப் பெருமையாகச் சொல்கிறவர் நாயோடு அங்கேயே இருக்கிறவர். போகிறவருக்கு அந்தக் குணம் ஒரு பாரம், நாய்க்கு அது தண்டனை.

கூடவே கூட்டிக்கொண்டு போகலாமே என்றும் அவள் கேட்டாள். முடியாது. நியூசிலாந்தைத் தவிர வேறெந்த நாட்டிலிருந்தும் வளர்ப்புப் பறவையைக் கொண்டுவர ஆஸ்திரேலியா விடுவதில்லை. மற்ற நாடுகளிலும் பறவைக் காய்ச்சல் பரவியதிலிருந்து கெடுபிடி அதிகம். சான்றிதழ், தனிமைப்படுத்தும் காலம், விமானக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் சாதாரணக் குடும்பத்தால் தாங்க முடியாது. தாங்க முடிந்தாலும், அந்தச் சின்ன உடம்பைச் சரக்கறையில் ஏற்றிக் கடல் தாண்டிக் கொண்டுபோவது யாருக்காக என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதில் என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது பட்ஜியின் கதை. நம் பக்கத்துக் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் இதைத்தான். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட வெளிகளில் மழை பெய்த திசை தேடிக் கூட்டம் கூட்டமாக அலையும் பறவை இது. 1840-ல் ஜான் கூல்டு என்ற பறவை ஆராய்ச்சியாளர் உயிரோடு பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து கூண்டு கூண்டாக உலகமெங்கும் பெருகி, நம் கரிசல் காட்டுக்கும் வந்து தினை தின்கிறது. தன் பூர்வீக நாட்டுக்கு அதனால் இனித் திரும்பிப் போக முடியாது. பிறந்த இடம் கூண்டு, பேச்சுத் துணையும் கூண்டில்தான். மருமகள் பிழைக்கப் போகும் நாடு, இந்தக் குருவியின் மூதாதையர் பறந்த நாடு. அவளுக்கு விசா கிடைக்கும், இதற்குக் கிடைக்காது. இதைச் சொன்னபோது அவள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

நான் கடைசியில் சொன்ன யோசனை பட்ஜிதான். அது விலை மலிவு என்பதற்காகச் சொல்லவில்லை. சைட்டிஸ் பட்டியலில் இல்லை என்பது ஒரு வசதி. ஐந்திலிருந்து பத்து வருடம் அதன் ஆயுள். ஐம்பதைத் தாண்டிய என் தங்கை துணிந்து ஏற்கக்கூடிய கணக்கு அது. சாம்பல் கிளியை வாங்கினால் தங்கைக்குப் பின்னும் அது இருக்கும், அடுத்த கை யாருடையது என்று யாருக்கும் தெரியாது. இன்னொரு காரணம் முக்கியமானது. பட்ஜியை ஜோடியாக வளர்த்தால் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வாழும். ஒன்றின் தலையை மற்றொன்று கோதும், நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும். மனிதர் கையில் வந்து உட்கார அவசரப்படாது. பேச்சு கற்க வேண்டும், விரலில் பழக வேண்டும் என்றால் ஒற்றையாக வாங்குங்கள் என்று விற்பவர்கள் சொல்வார்கள். ஒற்றைப் பறவை பழகுவது உண்மைதான். அதற்கு வேறு யாரும் இல்லாததால் பழகுகிறது. போகப் போகிறவள் அந்தப் பழக்கத்தை விரும்பக் கூடாது என்பது என் கட்சி.

இதைக் கேட்டு அவள் முகம் வாடியது. “அப்ப அதுக்கு நான் தேவையே இல்லையா மாமா?” என்றாள். தேவைப்பட வேண்டும் என்பதுதான் நம்மில் பலரைப் பிராணிகளிடம் கொண்டு செல்கிறது. வார்டில் பகலும் இரவும் பிறருக்குத் தேவைப்பட்டு அலுத்து வரும் பெண், வீட்டில் தன்னை எதிர்பார்க்கும் ஒரு குரலைக் கேட்க ஆசைப்படுவதில் குற்றமே இல்லை. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் போகும் தேதி தெரிந்த பிறகு அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ளும் செலவைப் பறவைதான் கட்டும். “தண்ணி மாத்தணும், தீனி வைக்கணும், தட்டைக் கழுவணும். அதுக்கெல்லாம் நீ வேணும் தாயி. நீயேதான் வேணும்கிறது மட்டும் வேண்டாம்” என்றேன்.

குஞ்சாக வாங்காமல் வளர்ந்த ஜோடியாக வாங்கலாம் என்றும் சொன்னேன். வீடு மாறுகிறவர்கள், வெளியூர் போகிறவர்கள் பறவைகளைக் கொடுத்துவிட ஆள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். குஞ்சுக்கு நெற்றி முழுக்க அலகு வரை கோடு இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் இறகு உதிர்ந்து அந்தக் கோடு பின்வாங்கும். அதற்குப் பிறகு, காலில் வருடம் பொறித்த வளையம் இருந்தால்தான் வயது தெரியும். மூக்குத் தடிப்பு நீலமாக இருந்தால் பெரும்பாலும் ஆண், பழுப்பாக இருந்தால் பெண். இரண்டும் ஒரே பாலாக இருந்தால் முட்டை, குஞ்சு என்று பெருகும் கவலை இல்லை. ஆனால் பெண்கள் இரண்டைச் சின்னக் கூண்டில் அடைத்தால் சண்டை வரும். ஆண் ஜோடிதான் நல்லது. தகர ஷெட்டுக்குக் கீழே கூண்டைத் தொங்கவிடக் கூடாது, நம் சித்திரை வெயிலில் செத்துப் போகும். சமையல்கட்டுப் பக்கமும் ஆகாது. நான்ஸ்டிக் சட்டி அடுப்பில் காய்ந்து கிளம்பும் புகை பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும்.

இவ்வளவும் பேசிய பிறகு ஒன்று மிச்சமிருந்தது. துணையாக இருக்கும் என்று மகள் முடிவு செய்துவிட்டாள். துணை வேண்டுமா என்று அம்மாவை யாரும் கேட்கவில்லை. தனியாக இருக்கும் அம்மாக்களுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் டிவி வாங்கி வைக்கிறார்கள், கேமரா மாட்டுகிறார்கள், வேலைக்கு ஆள் போடுகிறார்கள். அன்பால் செய்வதுதான். ஆனால் உயிருள்ள ஒன்றை ஒப்படைப்பது அதுபோல ஆகாது. நாளைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு ராத்திரி தங்க வேண்டுமென்றால்கூட அவள்தான் யோசிக்க வேண்டும். அதனால் இருவருமாக ராஜபாளையம் போய்த் தங்கையிடமே கேட்டோம்.

அவள் முழுவதையும் கேட்டுவிட்டு மகளிடம், “உனக்குப் பதிலா எனக்கு எதுவும் வேண்டாம். நீ போனா நீ போனதுதான்” என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, “குருவின்னா வளர்க்கிறேன். ஆனா அது முதல் நாள்ல இருந்து என் குருவி. பேரு நான்தான் வைப்பேன். நீ வாங்கித் தந்துட்டு வீடியோ கால்ல வந்து என்னை அதட்டக் கூடாது” என்றாள். மகள் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள்.

“சரி, நாளைக்குப் பிரசவம் அது இதுன்னு இவ என்னைக் கூப்பிட்டா? ஆறு மாசம் அங்க போய் இருக்கணும்னா யாரு பார்ப்பா அண்ணே?” என்று என் பக்கம் திரும்பினாள்.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் நிழல் உண்டு, காற்றும் வரும். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். கூண்டு எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று அளந்து சொல்லும்படி கேட்டிருக்கிறாள்.