மந்திரமும் மருந்தும்

பாம்பு தீண்டியவனை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லாமல் மந்திரிப்பவரின் வாயிலில் கிடத்தும் சிற்றூர் மக்களை, அறியாமையில் உழல்பவர் என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். பிழைப்பின் பொருட்டுப் பெருநகரங்களில் குடியேறி, தெருவுக்கு ஒரு மருத்துவர் என்னும் வசதியோடு வாழும் நமக்கு அவ்வாறு சொல்வதில் இழப்பேதும் இல்லை. ஆயின் அந்த ஒரு சொல் அனைத்தையும் விளக்கிவிடுமா?

2000 முதல் 2019 வரையிலான இருபதாண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டோர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என்று ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். ஆண்டுக்குச் சராசரி 58,000. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிற்றூரினர்.

மந்திரம் பலிப்பதாகத் தோன்றுவதால்தான் அதன்மேல் நம்பிக்கை நிலைக்கிறது. நம் நாட்டுப் பாம்புகளுள் பெரும்பாலானவை நஞ்சற்றவை. நல்ல பாம்பே கடிப்பினும் ஒவ்வொரு முறையும் நஞ்சு இறங்குவதில்லை. ஆகவே வேப்பிலை அடிக்க வந்தோருள் பலர், ஒன்றும் செய்யாவிடினும் பிழைத்திருக்கக் கூடியவரே. பிழைத்தவர் ஊரில் சாட்சியாய் நடமாடுகிறார். இறந்தவரோ விதியின் கணக்கில் சேர்ந்துவிடுகிறார். கண்ணால் கண்டதை நம்புகிறவனை அறிவிலி என்பது எங்ஙனம்? உறங்குபவனை நள்ளிரவில் தீண்டும் கட்டுவிரியன்தான் இந்நம்பிக்கையைக் கொடிதாக்குகிறது. கடிவாயில் வலியும் வீக்கமும் பெரிதாக இரா. மந்திரம் ஓதப்படும்போதே இமை சரியும். பின்னர் மூச்சு தளரும்.

இன்னொன்றும் உண்டு. மந்திரிப்பவர் எந்நேரமும் கதவைத் திறக்கிறார். காசு வாங்கினால் மந்திரம் பலிக்காது என்று அஞ்சுவோர் அவர்களில் பலர். தாய் பெயர் கேட்டு, தலையைத் தொட்டு, விடியும்வரை உடனிருக்கிறார். மருத்துவமனையிலோ சீட்டு எழுதி அடுத்த ஊருக்கு அனுப்பிவிடுவதும் உண்டு. (மனுவுக்கு எண் போட்டு அடுத்த மேசைக்குத் தள்ளும் கலையை நாம் அறியாதவர் அல்லர்.)

இங்கே நம்பிக்கையைக் குற்றமென்று நாம் கொள்ளவில்லை. காலம் கடத்துவதே குற்றம். நஞ்சை முறிக்கும் மருந்தும் மண்ணோடு தொடர்பற்ற மாயப்பொருள் அன்று. சிறுகச் சிறுக நஞ்சேற்றிய குதிரையின் குருதியிலிருந்து அது எடுக்கப்படுகிறது. அதற்கான நஞ்சைப் பாம்பு பிடித்துச் சேகரித்துத் தருவோருள் முதன்மையானவர், சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தின் இருளர் மக்கள். வழிவழி வந்த அறிவு ஆய்வுக்கூடத்தோடு இணங்க முடியாது என்போர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

ஏர்வாடியில் 2001 ஆகஸ்டில், தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டனர். பிற்காலத்தில் அங்கே தர்காவை ஒட்டியே மனநல மருத்துவம் அளிக்கப்பட்டது. வழிபாட்டைக் கைவிடுமாறு எவரையும் கேட்கவில்லை. பாம்புக்கடிக்கும் இவ்வழியே தகும். மந்திரிப்பவர் வேப்பிலையோடு வண்டியில் ஏறட்டும். மருத்துவமனை வாயில்வரை ஓதிக்கொண்டே வரட்டும்.

பாம்புக்கடி இறப்பை 2030-க்குள் பாதியாகக் குறைப்பது என 2024-இல் நடுவணரசு திட்டம் வகுத்துள்ளது. அத்திட்டம் நிறைவேற வேண்டுமாயின், அந்த வண்டி சென்று நிற்கும் மருத்துவமனையின் குளிர்ப்பெட்டியில் மருந்துக் குப்பி இருத்தல் வேண்டும். அது தீருமுன் வேண்டுகோள் எழுதி அனுப்புவது மந்திரிப்பவரின் வேலையன்று, அலுவலகங்களின் வேலை.