பரவால்ல சார்

என் நண்பன் பர்மிங்காமில் ஓர் ஆண்கள் பள்ளியில் கணிதம் சொல்லிக் கொடுக்கிறான். பள்ளி முடிந்து பஸ்ஸுக்கு நடக்கும்போதுதான் என்னைக் கூப்பிடுவான். ரவாங்கில் அப்போது இரவு 11 மணி. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவிட்டால் எனக்கு நள்ளிரவாகிவிடும். இலையுதிர்காலம் எப்படிடா இருக்கு என்று ஆசையாகக் கேட்டால், "இலையை எங்க பாக்குறது, பையனுங்க அதுல வழுக்கி விழாம பாக்கவே நேரம் சரியா இருக்கு" என்பான். காலையில் வாசலில் நின்று டை கட்டாதவனைப் பிடிப்பது, வருகை எடுப்பது, ஐந்து பாடம், இடைவேளையில் ஈரத் திடலைச் சுற்றுவது, வீட்டுக்கு ஒரு கட்டு நோட்டு. இதுதான் அவன் நாள்.

போன வாரம் குரல் வேறு மாதிரி இருந்தது. இந்தப் பருவத்தில் அங்கே பையன்களின் சட்டைப்பையில் குதிரைச் செஸ்நட் கொட்டைகள் இருக்கும். நூலில் கோத்து மோதவிட்டு உடைக்கிற விளையாட்டு. அவன் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு கொட்டை பறந்து வந்து பலகையில் அடித்தது. திரும்பியவன் ஒருவனைப் பார்த்துக் கத்தி வெளியே நிறுத்திவிட்டான். எறிந்தவன் வேறொருவன். மறுநாள் உண்மை தெரிந்ததும் அந்த வகுப்புகளுக்குப் பொறுப்பான ஆசிரியை இருவரையும் ஓர் அறையில் உட்கார வைத்தார். இவன் மன்னிப்புக் கேட்டான். பையன் "பரவால்ல சார்" என்றானாம். ஆங்கிலத்தில்தான்.

"இதுல என்னடா இருக்கு?"

"ஒண்ணுமில்ல. நம்மகிட்ட எந்த வாத்தியாராச்சும் கேட்டிருக்காங்களா?"

நாங்கள் இருவரும் ரவாங்கிலிருந்து கோமுட்டர் ரயிலேறி கோலாலம்பூரில் ஓர் ஆண்கள் பள்ளிக்குப் போய்ப் படித்தவர்கள். படிவம் 4-இல் யாரோ பலகையில் இயற்பியல் சாரைத் தொந்தியோடு வரைந்து வைத்துவிட்டார்கள். மார்க்கர் என் மேசையில் இருந்தது. இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் பிரம்படியை 1986-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்துவிட்டது. இங்கே 1959-ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகள் தலைமையாசிரியருக்கும் அவர் அனுமதித்தவருக்கும் ரோத்தானைக் கொடுத்திருக்கின்றன. சார் அனுமதி பெற்றவர். உள்ளங்கையில் இரண்டு.

நான் வரையவில்லை என்பது எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது. மூன்று நாள் கழித்து ஒரு பொட்டலம் நாசி லெமாக்கை என் மேசையில் வைத்து, "சாப்பிடு" என்றார். அவ்வளவுதான். அம்மா இன்றைக்கும் சொல்வார், "அதுதான்டா மன்னிப்பு, பெரியவங்க வேற எப்படிக் கேப்பாங்க?" நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன். நம் வீடுகளில் அப்பாக்கள் அடித்த இரவில் சட்டைப்பையிலிருந்து மிட்டாய் வருமே, அந்த வகை.

ஆனால் ஒன்று இடறுகிறது. அந்தப் பொட்டலத்தை வேண்டாம் என்று தள்ள என்னால் முடிந்திருக்குமா? சார் கொடுத்ததைச் சாப்பிடாமல் இருப்பது இன்னொரு குற்றம். ஆக, மன்னிக்கிறாயா என்று யாரும் கேட்காமலே நான் மன்னித்தவன் ஆகிவிட்டேன். பர்மிங்காம் பையனுக்கு வார்த்தையிலேயே மன்னிப்புக் கிடைத்தது, உண்மைதான். அவனால் மட்டும் அந்த ஆசிரியையின் முன்னால் "இல்ல சார், எனக்கு இன்னும் கோபம் தீரல" என்று சொல்லியிருக்க முடியுமா?

இங்கே எனக்கு விட்கென்ஸ்டைன் ஞாபகம் வருகிறார். தத்துவத்துக்கு வருமுன் அவரும் எங்களைப் போல இயந்திரப் பொறியியல் படித்தவர் என்பதால் எனக்கு அவர் மேல் ஒரு சொந்தம். 1920 இலையுதிர்காலத்தில் ஆஸ்திரிய மலைக் கிராமமொன்றில் தொடக்கப்பள்ளி ஆசிரியரானார். நல்ல வாத்தியார், முன்கோபி. காதைத் திருகுவார், முடியை இழுப்பார், அடிப்பார். 1926 ஏப்ரலில், ஒட்டர்டால் என்ற ஊரில், அவர் அடித்த ஒரு சிறுவன் மயங்கி விழுந்தான். வேலையை விட்டுப் போனார். பத்து வருடம் கழித்து, கேம்பிரிட்ஜில் பெரிய பெயரெடுத்த பிறகு, அதே ஊருக்குத் திரும்பிப் போய்ப் பழைய மாணவர்களைத் தேடி மன்னிப்புக் கேட்டார். சிலர் பெருந்தன்மையாக நடந்துகொண்டார்கள். காதில் இரத்தம் வரும்வரை அவரிடம் வதைபட்டிருந்த ஒரு பெண் மட்டும் 'சரி, சரி' என்று அலட்சியமாகச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

தன் மனபாரத்தை இறக்கத்தான் போனார் என்று சொல்லலாம். இருக்கட்டும். எனக்கு முக்கியம் அந்த அலட்சியம். அவர் அப்போது யாருக்கும் வாத்தியார் இல்லை. அந்தப் பெண்ணுக்கு அவரிடம் மதிப்பெண் வேண்டியதில்லை, பயமுமில்லை. அவளால் மறுக்க முடிந்தது. மறுக்க முடிகிறவரிடம் போய் நின்றதால்தான் அதை மன்னிப்புக் கேட்டது என்கிறேன். அப்படியானால், வேலையில் இருக்கும் ஒரு வாத்தியார் மாணவனிடம் உண்மையாக மன்னிப்புக் கேட்கவே முடியாதா? பத்து வருடம் காத்திருக்கவும் சொல்ல முடியாதே.

இதையெல்லாம் நண்பனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அங்கே மழைச்சத்தம் கேட்டது.

"நாளைக்கு அந்தப் பையன்கிட்ட, உனக்குப் பரவால்லன்னு தோணலன்னா சொல்லிடுன்னு சொல்லவா?" என்றான்.

"சொல்லிப் பாரு."

"சொல்லுவானா?"

"தெரியல மச்சான்."

பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டான். சாரின் தொந்தியை வரைந்தது அவன்தான். எனக்கு அன்றைக்கே தெரியும், அவனுக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும். பன்னிரண்டு வருடமாக அவனும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அந்த நாசி லெமாக்கில் பாதியை அவன்தான் சாப்பிட்டான்.