கேட்பவர்கள் இருக்கும்வரை

சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், நார்மன் அரண்மனைக்குள் இருக்கும் பலத்தீனா சிற்றாலயத்தில் பொன் மொசைக் சுவர்கள்தான் முதலில் கண்ணை இழுக்கும். கழுத்து நோக அண்ணாந்து பார்த்தால்தான் மேலே இருக்கும் மரக்கூரை பிடிபடும். தேன்கூட்டைப் போல அடுக்கடுக்காகச் செதுக்கிய அந்தக் கூரையின் மடிப்புகளில் ஊத் என்ற நரம்புக்கருவியை மீட்டுகிறவர்கள், குழல் ஊதுகிறவர்கள், ஆடுகிறவர்கள் என ஓர் இசைச்சபையே அமர்ந்திருக்கிறது. 1140களில், இரண்டாம் ரொஜர் என்ற கிறித்தவ அரசன், தான் வழிபடும் இடத்துக்கு மேலே அரபு உலகின் ஓவிய மரபில் வரைவித்தவை அவை. மீட்டும் விரல்கள்கூடத் தெரிகின்றன. பாட்டு மட்டும் இல்லை.

அந்தப் பாட்டு எப்படிப் போனது என்ற கேள்வி பலெர்மோவில் வாழும் தமிழர் ஒவ்வொருவருக்கும் உரியது என்று நினைக்கிறேன்.

827இல் சிசிலிக்குப் படை அனுப்பியவர் வட ஆப்பிரிக்காவின் கெய்ரவானை ஆண்ட அரபு அமீர் ஸியாதத் அல்லாஹ். பாக்தாத்திலிருந்து வந்த பெரும் பாடகர் ஸிர்யாப், 822இல் ஸ்பெயினின் கோர்டோபாவைச் சேருமுன் இதே அமீரின் அவையில்தான் பாடியிருந்தார். 831இல் பலெர்மோ அந்தப் படையிடம் வீழ்ந்தது. 1072இல் நார்மன்கள் நகரைப் பிடித்தபோதும் அரபு ஒழிந்துவிடவில்லை. அரசவையில் அரபுப் புலவர்கள் இருந்தார்கள். 1184இல் இங்கே வந்த பயணி இப்னு ஜுபைர், நத்தார் நாளில் கிறித்தவப் பெண்கள் முஸ்லிம் பெண்களைப் போல உடுத்திப் போவதைக் கண்டு எழுதி வைத்தார். ஆட்சி மாறி நூறாண்டுக்கு மேலாகியும் பண்பாடு உயிரோடு இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பிரெடெரிக் சிசிலியின் முஸ்லிம்களைத் தென் இத்தாலியின் லூசெராவுக்குக் குடிபெயர்த்தபோதுதான் கதை முடிந்தது. பாடத் தெரிந்தவர்களோடு கேட்கத் தெரிந்தவர்களும் ஊரைவிட்டுப் போனார்கள். பாட்டுக்கு அதன்பின் இருக்க இடமில்லை.

இதன் மறுபக்கத்தை எகிப்தில் காணலாம். நைல் கழிமுகத்தின் ஒரு சிற்றூரில், பள்ளிவாசல் இமாமின் மகளாகப் பிறந்தவர் உம் குல்தூம். தந்தை சிறுமிக்கு ஆண்பிள்ளை உடை அணிவித்து ஊர்விழாக்களில் பாட வைத்தார். பின்னாளில் மாதத்தின் முதல் வியாழன் இரவு அவர் கச்சேரி வானொலியில் வரும்போது அரபு நாடுகளே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தன. ஒரே பாட்டு ஒரு மணி நேரத்தைத் தாண்டும். பிடித்த அடியைச் சபை திரும்பக் கேட்கும். அவர் அதையே வேறொரு பாவத்தில் பாடுவார், அவை கிறங்கும், அடி மீண்டும் வளரும். அந்தக் கச்சேரியில் பாதி, கேட்டவர்களால் ஆனது. 1975 பெப்ரவரியில் அவர் இறந்தபோது கெய்ரோவின் மக்கள் சவப்பெட்டியைத் தம் தோள்களுக்கு வாங்கிக்கொண்டார்கள். இன்றும் அந்தக் குரல் மறையாமல் இருப்பதற்கு ஒலிப்பதிவு மட்டும் காரணமல்ல. அதைப் பெற்றோரோடு சேர்ந்து கேட்டு வளர்ந்த தலைமுறைகளும் காரணம். இஸ்லாமியப் பாடல்களைப் பாடிய நாகூர் ஹனிபா 2015இல் மறைந்த பிறகும் நம் வீடுகளில் மதம் பாராமல் ஒலிப்பது இதே வழியில்தான்.

சிசிலியின் பாட்டு அழிந்தாலும், அதன் அரபுக் கவிதைக்கு இப்படிப் பேணுகிறவர்கள் கிடைத்தார்கள். அங்கே பிறந்த கவிஞர் இப்னு ஹம்தீஸ், நார்மன்கள் தீவைப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் இளைஞராக வெளியேறி, திரும்பாமலே 1133இல் இறந்தார். பிறந்த மண்ணை நினைத்து அவர் எழுதியவற்றை அந்நிய ஊர்களில் யாரோ படித்தார்கள், படியெடுத்தார்கள். கத்தானியாவில் பிறந்த பாடகி எத்தா ஸ்கொல்லோ, 2008இல் சிசிலியின் அரபுக் கவிஞர்களுக்காகவே ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார். இடையில் ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள். எவரோ விடாமல் பேணியதால்தான் அவை ஒரு பாடகியின் கைக்கு வந்து சேர்ந்தன.

எண்பதுகளிலிருந்து இந்த ஊருக்கு வந்து சேர்ந்த நாங்கள், பிள்ளைகளுக்குப் பாட்டும் நடனமும் பழக்குகிறோம். மேடையேற்றுகிறோம், படம் எடுக்கிறோம். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்த பிள்ளை, தாயும் தகப்பனும் ஒரு பாட்டை முழுதாகக் கேட்டு நெகிழ்வதைக் காண்கிறதா? காணாவிட்டால், இசை தேர்வுக்குப் படிக்கும் பாடம் என்றே அது எண்ணும். தேர்வு முடிந்ததும் விட்டுவிடும்.

எல்லோராலும் பாட முடியாது. கேட்க எல்லோராலும் முடியும், பிறருக்குக் கேட்கக் கற்றுக்கொடுக்கவும் முடியும். ஒரு பாட்டைப் பாதியில் மாற்றாமல் பிள்ளையோடு உட்கார்ந்து கேட்பது, பாடியவர் யார், எந்த ஊர் என்று சொல்வது, பிடித்த இடத்தை இன்னொரு முறை போடச் சொல்வது: புலம்பெயர்ந்த வாழ்வில் குரல் வளமில்லாத நம்மைப் போன்றவர்களின் பங்கு இதுதான். இதை நான் சிறிய பங்காக நினைக்கவில்லை. பெரும் பாடகர்களை ஊர் தோறும் உயிரோடு வைத்திருப்பவர்கள் இப்படிப்பட்ட பெயரற்ற ரசிகர்களே.